அண்ணன் கேட்ட கணக்கு

போன டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவுக்கு அண்ணனோடு போயிருந்தேன். எனக்கு 75 வயது, அவருக்கு 81. இருவருக்குமே இனி படியேறும் முட்டி இல்லை. அடிவாரத்தில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து, 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு போகிற கோஷ்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் திருவிழா எப்படி வந்தது என்பது திருத்தணிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜனவரி முதல் தேதி வந்தால், உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரை பங்களா வாசலில் போய் நிற்பார்கள். துரை முகம் பார்த்தால்தான் அந்த வருஷம் நல்லபடி நடக்கும் என்று நினைப்பு. இதைப் பார்த்து மனம் நொந்த வள்ளிமலை சுவாமிகள், ‘கும்பிடத்தான் வேண்டுமென்றால் நம் தணிகைமலைத் துரையை முதலில் கும்பிடுவோம்’ என்று 1917 டிசம்பர் 31 இரவு அடியார்களைக் கூட்டிக்கொண்டு படிக்குப் படி பாடி ஏறினார். புது வருஷம் பிறந்தபோது அவர்கள் மலைமேல் இருந்தார்கள். அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது.

இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னேன். அவருக்கும் தெரிந்ததுதான். கேட்டுவிட்டுச் சிரித்தார். “துரைங்க போய்ட்டாங்க. வாசல்ல நிக்கறது மட்டும் போகல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆமா தம்பி, உனக்கு மாசம் பென்ஷன் எவ்ளோ வருது?” என்று கேட்டார்.

ஐம்பது வருஷத்தில் அவர் என்னிடம் பணக் கணக்கு கேட்டது அதுதான் முதல் தடவை. நான், “அதுவா, ஏதோ வருதுண்ணா, மருந்துக்கு ஆகுது” என்று மழுப்பிவிட்டு, மேலே ஏறுகிற கோஷ்டியைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் வரவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர். எனக்கு வரும் தொகையை அவரிடம் சொல்ல எனக்கு ஏன் நாக்கு எழவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போனால், எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. நானூறு வருஷம் பின்னால் போகவேண்டியிருந்தது.

* * *

எங்கள் பூர்வீகம் அம்மையார்குப்பம் பக்கம். நெசவுக் குடும்பம். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தாத்தா, அப்பா எல்லாரும் குழியில் கால் வைத்து, நாடா ஓட்டியவர்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று எங்கள் சுற்று வட்டாரமே தறிச் சத்தத்தில் விடிந்த ஊர்கள்.

1957-ல் அப்பாவுக்குக் காசநோய் கண்டது. அண்ணனுக்கு 13 வயது, எட்டாவது படித்துக்கொண்டிருந்தார். எனக்கு 7. அப்பாவின் தறி ஓர் இரவு நின்றது. மறுநாள் காலை அண்ணன் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குழியில் இறங்கினார். யாரும் அவரை இறங்கச் சொன்னதாக நினைவில்லை. “சின்னவன் படிக்கட்டும்” என்று அம்மா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தத் தறி ஓடியதால் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், பி.யூ.சி. படித்தேன், 1970-ல் தபால் இலாகாவில் சேர்ந்தேன். இடையில் 1960 ஏப்ரல் 1 அன்று ஒரு வேடிக்கை நடந்தது. 1953-ல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவுக்குப் போயிருந்த நாங்கள், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டோம். ராஜ்யம் மாறியது. தறியில் அண்ணன் மாறவில்லை.

* * *

வெள்ளைக்காரன் இங்கே எதற்காக வந்தான் என்று பள்ளியில் கேட்டால் மிளகு, ஏலக்காய் என்று சொல்வோம். நம் பக்கம் அவன் வந்தது துணிக்கு. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணமே, இந்தப் பக்கம் துணி மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைத்ததுதான். நல்ல துறைமுகம்கூடக் கிடையாது. அலைக்கு நடுவே படகில்தான் சரக்கை ஏற்ற வேண்டும். துணிக்காக அதையும் பொறுத்துக்கொண்டான். நெசவாளிகளைக் குடிவைக்கவே பேட்டைகள் அமைத்தான். 1734 வாக்கில் உண்டான சிந்தாதிரிப்பேட்டை அப்படி வந்ததுதான். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள்.

இந்தக் கரையில் நெய்த கட்டம்போட்ட துணியும் நீலத்துணியும் எங்கே போயின தெரியுமா? லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. அங்கே அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கி அமெரிக்கத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். நெய்தவனுக்குத் தன் துணி ஒரு மனிதனுக்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. இன்று ‘உலகமயம்’ என்கிறோமே, அது எங்கள் தறிக்குழிக்குப் புதிதல்ல.

அந்தக் காலத்தில் துணிக்கு உலகச் சந்தை இருந்ததால் நெசவாளிக்கும் கொஞ்சம் வாய்ப் பேச்சு இருந்தது. ஒரு வியாபாரி சரிப்படவில்லை என்றால் இன்னொருவன். கம்பெனி கையில் ராஜ்யமும் வந்தபிறகு அந்தப் பேச்சு அடங்கியது. 1801-ல் ஆற்காட்டு நவாபின் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. அப்புறம் மான்செஸ்டர் ஆலைகள் வந்தன. 1813-ல் இந்திய வியாபாரத்தில் கம்பெனிக்கு இருந்த தனி உரிமையை பார்லிமெண்ட் எடுத்துவிட்டது. ஆலை நூலும் ஆலைத் துணியும் கப்பல் கப்பலாக இறங்கின.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதலில் விழுந்தது தறியல்ல, ராட்டை. நூல் நூற்றவர்கள் பெண்கள். எல்லாச் சாதிப் பெண்களும், விதவைகளும், சேரிப் பெண்களும் வீட்டிலிருந்தபடியே நூற்று நாலு காசு பார்த்தார்கள். சீமை நூல் வந்ததும் அந்தக் காசு சத்தமில்லாமல் நின்றது. என் ஆயா, தன் மாமியார் நூற்ற ராட்டை என்று ஒன்றைப் பரணில் வைத்திருந்தார். என் காலத்தில் எங்கள் தெருவில் ராட்டை என்றால் தார் சுற்றுவதற்கு மட்டும்தான்.

தறி பிழைத்தது. ஆனால் வேறு மாதிரிப் பிழைத்தது. நூல் நம் ஊரில் இல்லை, சீமையிலிருந்து வருகிறது. கட்டு நூல் வாங்க ரொக்கம் வேண்டும். ரொக்கம் நூல் முதலாளியிடம் இருக்கிறது. அவர் நூல் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி கொடுப்பார், அட்வான்சைக் கழித்துக்கொள்வார். தறியும் வீடும் நெசவாளியுடையது, நூலும் விலையும் இன்னொருவருடையது. நெசவாளிக்குள்ளேயே முதலாளி வேறு, கூலிக்காரன் வேறு என்று ஆகிவிட்டது. சாயமும் அப்படித்தான். ஊரில் விளைந்த அவுரியும் சாயவேரும் போய் ஜெர்மனியிலிருந்து டப்பா சாயம் வந்தது.

எங்கள் அப்பா நூல் முதலாளி வீட்டு வாசலில் நின்ற காட்சி எனக்குத் தெரியும். கையில் எலுமிச்சம்பழம் இல்லை. மற்றபடி துரை பங்களா வாசல்தான்.

* * *

நிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீன். 1802-ல் நிரந்தர ஏற்பாடு என்று கம்பெனி ஒரு சட்டம் போட்டது. ஜமீன்தார் கம்பெனிக்கு வருஷாவருஷம் பேஷ்குஷ் கட்டினால் போதும், நிலம் அவருடையது என்று சனது எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை ஊரில் பலருக்கும் பலவிதமான பாத்தியதை இருந்தது. இனி காகிதம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே நிலம். ஏற்றத்தாழ்வை வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. அது நம்மிடம் ஏற்கெனவே வேண்டுமளவு இருந்தது. அவன் அதைக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தினான். காகிதம் படிக்கத் தெரிந்தவன் ஒரு பக்கம், கைநாட்டு வைப்பவன் ஒரு பக்கம் என்று ஊர் பிரிந்தது.

அப்புறம் ரயில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில். 1862-ல் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வரை வடமேற்கு லைன். அதில்தான் நம் திருத்தணி ஸ்டேஷன். லைன் போட்ட லண்டன் முதலீட்டாளருக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீத வட்டிக்கு இந்திய அரசாங்கமே உத்தரவாதம். குறைந்தால் நம் வரிப்பணத்திலிருந்து போகும்.

14 வருஷம் கழித்து, 1876-ல் தாது வருஷப் பஞ்சம். இரண்டு வருஷம் மழை இல்லை. பஞ்சத்தில் ஜனங்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். அதனால் வயலில் பயிர் காய்வதற்கு முன்பே தறி காய்ந்துவிடும். ரயிலில் தானியம் வந்தது. வாங்க யாரிடமும் காசில்லை. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். இது உயிர் தரிக்கவே போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டபிறகுதான் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் லட்சக்கணக்கில் செத்துப் போனார்கள். அந்தப் பஞ்சத்துக்கு நடுவில், 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியாவைச் சக்ரவர்த்தினி என்று அறிவிக்க லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். அதுவும் ஒரு புது வருஷப் பிறப்புதான்.

பஞ்சத்தில் பிழைத்தவர்கள் அதே ரயிலில் ஏறிப் போனார்கள். ஏற்கெனவே 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலின் டர்பன் துறையைச் சேர்ந்திருந்தது. 1911 வரை அப்படி 1,52,184 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களில் வட ஆற்காடு மாவட்டத்தார் மிக அதிகம். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை நம் பக்கமும் வட ஆற்காடுதான் என்பதை மறக்கவேண்டாம். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தக் காகிதத்தில் பெரும்பாலோர் வைத்தது கைநாட்டு. கப்பல் பட்டியலில் பேர், தகப்பன் பேர், சாதி, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை குறித்துக்கொண்டார்கள். டர்பனில் இன்றும் காவடி எடுக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நாம் இங்கே தூக்கும் அதே காவடி.

அதே லைனில் இன்னொரு பயணமும் நடந்தது. 1888 செப்டம்பர் 5 அன்று நம் ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் சர்வபள்ளி வீராசாமி, ஜமீன் வருவாய் வேலையில் சிறிய உத்தியோகம். வசதியான குடும்பமல்ல. ஆனால் வீட்டில் எழுத்து இருந்தது. பிள்ளை திருப்பதி மிஷன் பள்ளிக்குப் போனது, பிறகு வேலூர் ஊரீசுக் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, உபகாரச் சம்பளத்திலேயே படித்தது. பிற்பாடு ராஷ்டிரபதியானது. டாக்டர் ராதாகிருஷ்ணனை நினைத்து நாம் பெருமைப்படுவது நியாயம்தான். அவர் உழைப்பும் அறிவும் யாருக்கும் எளிதில் வராது. எனக்குத் தோன்றுவது வேறு. ஒரே ஸ்டேஷன், ஒரே தண்டவாளம். கையில் எழுத்து இருந்தவர் காலேஜுக்குப் போனார். கை மட்டும் இருந்தவர் கப்பலுக்கோ சுரங்கத்துக்கோ போனார்.

* * *

சுரங்கம் என்றேன். கோலார் தங்கவயலைத்தான் சொல்கிறேன். 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய சுரங்கங்கள். ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள். மேலே துரைமார் பங்களாவும் கிளப்பும், கீழே தகரக் கூரை லைன் வீடுகள். தூசு நுரையீரலில் ஏறிச் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் அங்கே இன்னொன்றும் நடந்தது. ஊரில் செருப்புப் போட்டு நம் தெருவில் நடக்கமுடியாத மனிதர், அங்கே மாதச் சம்பளம் வாங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பத்திரிகைக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. ஊரைவிட்டு ஓடினால்தான் தலை நிமிர முடியும் என்றால், அந்த ஊரின் லட்சணம் என்ன? வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நூல் முதலாளி வாசலில் நின்றதற்காக வருத்தப்படும் எங்கள் குடும்பம், காலனிப் பையன் எங்கள் கிணற்றில் தண்ணீர் சேந்த விட்டதில்லை. என்னோடு படித்த ஒருவன் தாகத்துக்கு எங்கள் வாசலில் வந்து நின்றபோது, அவன் குவித்த கையில் ஆயா எட்ட நின்று தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது 11 வயது என்று இன்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் தாத்தா தங்கவயல்காரர். அவன் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தான். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த 1970-களில், தங்கவயலிலிருந்து மாதாமாதம் மணியார்டர்கள் வரும். தபால்காரரிடம் கொடுக்குமுன் என் கையால் பதிவு செய்வேன். அடியில் கூப்பனில் இரண்டு வரி இருக்கும்: அம்மாவுக்கு மருந்து வாங்கு, பாப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பு. பெறுபவர் கையெழுத்துக்குப் பதில் மை தடவிய ரேகை, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து.

கவுண்டரில் உட்கார்ந்து நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. உள்ளே வரும் மணியார்டர் எல்லாம் வெளியூரில் உடம்பால் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்புவது. வெளியே போகும் மணியார்டரில் பாதி, பட்டணத்து ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து அனுப்புவது. எந்த வீட்டிலிருந்து வெளியே போகிறதோ, அந்த வீடு பதினைந்து வருஷத்தில் மாடி கட்டிவிடும். எந்த வீட்டுக்கு உள்ளே வருகிறதோ, அந்த வீடு வரும் வரைக்கும் சாப்பிடும். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் எடுக்கும் செலவு உலக விலைக்குக் கட்டவில்லை என்றார்கள். நம் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த அந்த மணியார்டர்களும் நின்றன.

* * *

1995-லிருந்து 1999 வரை நானும் மாதாமாதம் வெளியே அனுப்பியவன்தான். என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படித்தான். 1991-ல் நாடு கதவைத் திறந்துவிட்டிருந்த நேரம். 2000-ல் அமெரிக்கா போனான். அங்கேயே வீடு வாங்கிவிட்டான்.

அதே 1996-ல் அண்ணன் மகன் கடன் வாங்கி இரண்டு விசைத்தறி போட்டான். கைத்தறிக்குச் சட்டத்தில் கொஞ்சம் பாதுகாப்பு இருந்தது. இன்னின்ன ரகத்தைக் கைத்தறியில்தான் நெய்யவேண்டும் என்று 1985-ல் சட்டம் போட்டு 22 ரகங்களை ஒதுக்கினார்கள். பிற்பாடு அதை 11 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் கைத்தறியில் வயிறு நிறையாது என்று எங்கள் தெருவே விசைத்தறிக்கு மாறியிருந்தது. கைலி ஓட்டினான். பொங்கலுக்கு அரசாங்கம் தரும் இலவச வேட்டி சேலை ஆர்டர் வந்தால் சில மாதம் மூச்சு விடலாம். மற்ற மாதங்களில் நூல் விலைதான் எஜமான். 2005 ஜனவரி முதல் தேதி உலகத் துணி வியாபாரத்தில் இருந்த கோட்டா முறை நீங்கியது. பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்கு அது வாசல். நூல் ஏற்றுமதி லாபம் என்றால் நூல் வெளியே போகும், இங்கே விலை ஏறும். 2010-11-ல் பஞ்சு விலை ஏறிய ஏற்றத்தில் அவன் தாங்கவில்லை. 2012-ல் இரண்டு தறியையும் பழைய இரும்பு எடைக்குப் போட்டான். அன்று அண்ணன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார்.

முன்பு நூல் சீமையிலிருந்து வந்ததால் கஷ்டம். இப்போது நூல் நம் நாட்டிலேயே மலையாகக் குவிகிறது. அது வெளியே போவதால் கஷ்டம். இரண்டு தடவையும் விலையைத் தீர்மானித்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். ஏற்ற இறக்கத்தைச் சுமந்தவன் தறிக்காரன்.

இப்போது விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகிற பஸ்கள். ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006-ல் நோக்கியா உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு, முக்கியமாகக் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு, முதல் சம்பளம் கொடுத்தது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வரித் தகராறு, கம்பெனி கைமாறியது என்று பெரிய இடத்துக் காரணங்கள். ஒன்பது வருஷத்துக்குள் வந்தும் போய்விட்டது.

அண்ணன் பேரன் டிப்ளமா முடித்து அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பேர் வேண்டாம். அந்தத் தொழிற்சாலையின் ஆள் அல்ல அவன். ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் ஆள். ஒரே மெஷினில் பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு வருவதில் பாதிக்கும் குறைவு இவனுக்கு. 15,000 ரூபாய். ஆர்டர் குறைந்தால் ‘நாளையிலிருந்து வேண்டாம்’ என்று போனில் செய்தி வரும். இரண்டு தடவை வந்துவிட்டது.

இதை நேட்டால் கூலியோடு ஒப்பிட்டால் தப்பு. இவனை யாரும் சவுக்கால் அடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம். வெயிலில் கரும்பு வெட்டவில்லை, ஏசியில் நிற்கிறான். முன்னேற்றம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் மகனும் இவனும் ஒரே உலகச் சந்தைக்குத்தான் உழைக்கிறார்கள். அந்தச் சந்தை தும்மினால் என் மகனுக்கு போனஸ் குறையும், இவனுக்கு வேலை போகும். வாசல் ஒவ்வொரு தடவையும் திறக்கத்தான் செய்கிறது. காகிதம் வைத்திருப்பவன் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறான். கையை மட்டும் நம்பியவன் நுழைந்தாலும் நின்றுகொண்டே இருக்கிறான். எப்போது வேண்டுமானாலும் வெளியே போகச் சொல்லலாம்.

என் காகிதம் எங்கிருந்து வந்தது? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அதன் விலையைக் கட்டியவர் 13 வயதில் குழியில் இறங்கிய அண்ணன். புத்திசாலித்தனத்தில் அவர் எனக்குக் குறைந்தவரல்ல; பாவு கணக்கை மனத்திலேயே போடுவார், எனக்குக் காகிதம் வேண்டும். நான் ஓய்வுபெற்றது 2010-ல். 2004 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு எனக்குக் கிடைக்கும் மாதிரிப் பென்ஷன் கிடையாது. கிராமத்து அஞ்சல்காரர்களுக்கு என்றைக்குமே கிடையாது. என்னைவிட அதிகம் நடந்தவர்கள் அவர்கள். நான் ஏறிய படிகூட எனக்குப் பின்னால் எடுக்கப்பட்டுவிட்டது.

‘நாங்கள் கஷ்டப்பட்டுப் படித்தோம், முன்னுக்கு வந்தோம்’ என்று நம் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் பாதிக் கணக்கு. வரவு மட்டும் எழுதி, யார் பற்றில் எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்ட கணக்கு. நாட்டுக்கு நாடும் அப்படித்தான் எழுதுகிறது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான் எழுதுகிறோம்.

* * *

தை பிறந்ததும் அண்ணனைப் பார்க்க ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தறிக்குழி இருந்த இடத்தை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்கள். மேலே ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கிறது. பேரன் நைட் ஷிஃப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

“ண்ணா, அன்னிக்கிக் கேட்டியே. 38,000 வருது” என்றேன்.

அவருக்கு வருவது முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். என் முகத்தைப் பார்த்தார். கோபமோ வருத்தமோ தெரியவில்லை. விரல் விட்டு ஏதோ எண்ணினார்.

“பரவால்லடா. நல்லாத்தான் நெஞ்சிருக்கோம்” என்றார்.

‘நெய்திருக்கோம்’ என்று பன்மையில் சொன்னார். அந்தப் பன்மையில் எனக்கும் இடம் கொடுத்தாரா, தன் பங்கைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. பேரனுக்கு மேலே படிக்க ஆசை இருக்கிறது, பகுதிநேர என்ஜினீயரிங். வேலையை விட்டுவிட்டால் வீடு ஓடாது என்று யோசிக்கிறான். அந்த நாலு வருஷத்துக்கு வீட்டுச் செலவு என் பென்ஷனிலிருந்து என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணி வேண்டாம் என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. “சின்னவன் படிக்கட்டும்” என்று அம்மா சொன்ன அந்தக் காலையில் நான் எதுவும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இது தர்மம் இல்லை, பாக்கி.

பெரியவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தறியோ, ஏரோ, சுரங்கமோ, கப்பலோ இருந்திருக்கும். யாருடைய படிப்பு நின்றதால் யார் படித்தீர்கள் என்று பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொல்லிவையுங்கள். நம் காலத்துக்குள் சொன்னால்தான் உண்டு.